மலைநாட்டுச் செலவு

பழந்தமிழர் பயணத்தைச் ‘செலவு’ என்றனர். இக்காலத்தார் பணம் கழிதலைச் செலவு என்கின்றனர். என் தமக்கையாரும் யானும் 2024-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசு விடுமுறையில் தாம்பரத்தினின்று மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டு, சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை, உதகை, வால்பாறை ஆகிய இடங்களைக் கண்டு வந்த வரலாற்றை எழுதப் புகுங்கால், அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பொருந்தக் காண்கின்றேன். பணக் கணக்கை ஈண்டு விரித்தல் வேண்டா. அஃது எம் தந்தையாரிடம் முன்னரே ஒப்புவிக்கப்பட்டது.

மலையைப் புகைவண்டியிற் சென்று காண்பாரும் உளர். பேருந்திலும் காரிலும் சென்று காண்பாரும் உளர். அவர்கட்கெல்லாம் மலை ஒரு சாளரத்தின் அளவினதாகவே தோன்றும். மோட்டார் சைக்கிளிற் செல்வார்க்கோ சாளரமும் இல்லை, சுவரும் இல்லை. காற்றின் வெம்மை போய்த் தண்மை புகும் இடம் இன்ன வளைவு என்று உடம்பே சொல்லிவிடும். பச்சைத் தேயிலை வாட்டும் மணமும், சற்று முன்னர் யானை கடந்த இடத்தின் மணமும் மூக்கிற்குத் தனித்தனியே புலப்படும். தூசியும் பூச்சியும் கண்ணிற்கும் வாய்க்கும் புலப்படும் என்பதையும் மறைத்தல் ஆகாது. இவையனைத்தினும் பெரிது ஒன்றுண்டு. காட்டினூடே செல்லுங்கால் விலங்கிற்கும் நமக்கும் இடையே தகட்டளவு தடையும் இல்லை. பிறர் மனைக்குள் நடந்து செல்கின்றோம் என்னும் எண்ணம் ஒரு கணமும் நீங்குவதில்லை. இவ்வெண்ணமே எம் இருவரிடையே ஒரு பூசலையும் விளைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

வண்டி என் தமக்கையாருடையது. பள்ளியொன்றில் உயிரியல் கற்பிக்கும் அவர், மூன்றாண்டு ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புல்லட் அது. ராயல் என்ஃபீல்டு என்னும் பெயர் இங்கிலாந்தினது. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை தோன்றியது. முதலில் அயல்நாட்டினின்று வந்த உறுப்புக்களைப் பொருத்தி வண்டியாக்கினர். பின்னர் அவ்வுறுப்புக்களையும் இங்கேயே செய்தனர். இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் மறைந்தபின்னும் சென்னைப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 2013-இல் ஒரகடத்திலும் அதற்கு ஓர் ஆலை ஏற்பட்டது. தாம்பரத்தினின்று ஒரகடம் நெடுந்தொலைவன்று. ஆதலின் எம் வண்டியை அயலூர்ப் பெயர் பூண்ட அண்டை வீட்டுப் பிள்ளை எனலாம்.

வண்டியைப் பெரும்பாலும் செலுத்தியவர் தமக்கையாரே. இக்கல்லூரி மாணவனாகிய யான் பின்னிருக்கைக்கும் பைகளுக்கும் உரியவன். வழிநெடுகத் தேநீர்க் கடைகளில் நிகழ்ந்ததை ஒருமுறை கூறினால் போதும். எல்லாக் கடையிலும் அதுவே நிகழ்ந்தது. “தம்பி, வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது?” என்று ஒருவர் என்னை வினவுவார். யான் தமக்கையாரைக் காட்டுவேன். அவர் விடை கூறுவார். அடுத்த வினாவும் என்னிடமே வரும்! தமக்கையார் இதற்குச் சினந்தாரல்லர். 1916-ஆம் ஆண்டில் அகஸ்தா, அடலின் வான் பியூரன் என்னும் அமெரிக்க உடன்பிறந்தார் இருவர், ‘இந்தியன்’ என்னும் பெயருடைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டில் தம் நாட்டைக் கிழக்குக் கரையினின்று மேற்குக் கரைவரை கடந்தனர். வழியில் 14,000 அடிக்கு மேலுயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சியையும் அவ்வண்டிகளிலேயே அடைந்தனர். அம்மங்கையரை ஆடவர் உடை உடுத்த குற்றத்திற்காகச் சிற்றூர்க் காவலர் பிடித்து வைத்ததும் உண்டு. “அவர்களைப் பிடித்து வைத்தார்கள், நம்மிடம் மைலேஜ் தானே கேட்கிறார்கள்? உலகம் முன்னேறியிருக்கிறது, தம்பி” என்பார் தமக்கையார். யான் என் பங்கிற்கு, 1954-இல் தெகரானினின்று மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டுப் பத்தாண்டு உலகைச் சுற்றிய ஈரானிய உடன்பிறந்தார், இசா, அப்துல்லா ஒமிட்வார் ஆகியோரின் கதையைக் கூறுவேன். எம் செலவோ எட்டு நாளினது.

அந்த எட்டு நாளுக்கும் எம் அன்னையார் ஒரு விதி செய்தார். மாலையில் விளக்கு வைத்தபின் மலைவழியில் வண்டி ஓடலாகாது. தந்தையார் பணம் தந்தார்; அன்னையார் விதி தந்தார். இரண்டையும் தலைமேற் கொண்டு புறப்பட்டோம்.

காலை நான்கரை மணிக்குத் தாம்பரத்தை விட்டு, பெருங்களத்தூர் கடந்து, வண்டலூரில் விலங்குக் காட்சிசாலையின் மதிலோரமாகச் சென்றோம். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்பர் என்பார் தொடங்கிய காட்சிசாலை, 1985-இல் அவ்வண்டலூர்க் காட்டிற்கு வந்தது. சிறுவராயிருந்த காலத்தில் யாங்கள் புலியையும் யானையையும் கண்டது அம்மதிலுக்குள்ளேதான். மதில் இல்லாத இடத்தில் அவற்றைக் காணவேண்டும் என்னும் ஆசை அன்று முதல் என் நெஞ்சில் இருந்தது. திண்டிவனம், விழுப்புரம், ஆத்தூர், சேலம் ஆகியவற்றை விரைந்து கடந்தோம். அகன்ற நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் உறக்கத்தோடு பொருதலன்றி வேறன்று. அதுபற்றி எழுத ஒன்றுமில்லை. பொழுது சாயுமுன் சத்தியமங்கலத்தில் தங்கினோம்.

மறுநாட் காலை பண்ணாரியம்மன் கோயிலைத் தாண்டினால் சோதனைச் சாவடி. அங்கிருந்து திம்பம்வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வழியில் விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மாளுதலைக் கண்டு, சென்னை உயர்நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரவுப் போக்குவரவைத் தடைசெய்தது. காலை ஆறு மணிக்குத் தடை நீங்கும். வரிசையில் நின்ற லாரிகள் பெருமூச்சு விட்டுக் கிளம்பின. அவற்றிடையே யாமும் கிளம்பினோம்.

இருவர் ஏறிய வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் ஏற்றுதல் ஒரு தனிக் கலை. வளைவை அடையுமுன்னரே கியரைத் தாழ்த்தல் வேண்டும். வளைவின் நடுவில் தாழ்த்துவோன் தடுமாறுவான். கண் சக்கரத்தின் முன்னுள்ள தரையை நோக்குதல் ஆகாது; வளைவு முடியும் இடத்தை நோக்குதல் வேண்டும். கண் நோக்கும் இடத்திற்கே வண்டி செல்லும். மேலேறும் வண்டிக்குக் கீழிறங்கும் வண்டி வழிவிடுதல் மலைச்சாலையின் முறை. லாரி ஓட்டுநர் பலர் அம்முறையைப் போற்றினர். ஆயினும் பெரிய கடமை பின்னிருப்பவனுடையது. முன்னிருப்போர் எப்புறம் சாய்வரோ அப்புறமே அவனும் சாய்தல் வேண்டும். பள்ளத்தைக் கண்டு அஞ்சி மறுபுறம் சாய்வானாயின் வண்டி இருவர்க்கும் அடங்காது. இருபத்தேழு வளைவிலும் யான் தமக்கையாரின் தோளை நோக்கியே சாய்ந்தேன். இளமையில் ஒரே பலகையில் ஊஞ்சலாடிய பழக்கம் ஆங்கு உதவிற்று.

திம்பத்திற்கு மேல் குளிர்ந்த மேட்டுநிலம். ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொல்லிப் பயணிகள் அஞ்சிய காடு இது. அவன் 2004-இல் மாண்டான். 2013-இல் இக்காடு புலிகள் காப்பகமாயிற்று. பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆசனூரில் இட்டலி உண்டு, சாமராசநகரையும் குண்டுலுப்பேட்டையையும் கடந்து பந்திப்பூரை அடைந்தோம். 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியபோது தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் ஒன்று அது. அவ்வழியிலும் 2009 முதல் இரவுத் தடை உண்டு. சாலையில் வண்டியை நிறுத்தலாகாது என்று பலகைகள் கூறுகின்றன. பலகைகளின் அடியிலேயே வண்டிகளை நிறுத்திப் பலர் படமெடுக்கின்றனர்.

கக்கநல்லாச் சாவடியில் நீலகிரிக்குரிய அனுமதிச் சீட்டைக் காட்டினோம். 2024-ஆம் ஆண்டு மே முதல் உயர்நீதிமன்ற ஆணையால் ஏற்பட்ட இதனை மக்கள் இ-பாஸ் என்பர். அதற்கப்பால் முதுமலை. தென்னிந்தியாவில் முதலாவதாக 1940-இல் அமைந்த விலங்குச் சரணாலயம் அது.

தெப்பக்காட்டிற்குச் சற்று முன்னர், சாலை வளையும் ஓரிடத்தில், எமக்கு முன் ஒரு கார் நின்றிருந்தது. அதற்கப்பால் மூங்கிற் புதரினின்று யானைகள் வெளிப்பட்டுக்கொண்டிருந்தன. பெரிய பிடி ஒன்று முன்னே. அதன் வயிற்றின் கீழ் ஒரு கன்று. பின்னும் மூன்றோ நான்கோ. யான் இருபதாண்டு காத்திருந்த காட்சி. “அக்கா, இன்னும் கொஞ்சம் முன்னே போ” என்றேன். தமக்கையார் செவி சாய்த்திலர். காருக்கு வெகுதொலைவிலேயே நிறுத்தி, வண்டியை வந்த வழி நோக்கித் திருப்பி வைத்தார். எஞ்சினை மட்டும் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டார். மதிலில்லா இடத்தில் யானையைக் காண வந்த யான், முதுகைக் காட்டிக்கொண்டு தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பியே அதனைக் காண நேர்ந்தது!

அப்போது காரிலிருந்தவர் ஆரன் ஒலித்தார். வழி கேட்டு ஒலித்தாரோ, யானை முகத்தைத் திருப்பட்டும் என்று படத்திற்காக ஒலித்தாரோ, யான் அறியேன். பிடி திரும்பியது. காதுகள் இரண்டும் விரிந்தன. துதிக்கை மேலெழுந்து காற்றைத் துழாவிற்று. இரண்டடி, மூன்றடி, சாலையில் முன்வந்தது. கார் பின்னோக்கி வரலாயிற்று. வளைந்து வளைந்து, எம்மை நோக்கி. ஒருபுறம் பின்னேறி வரும் கார், அதற்கப்பால் யானை, நடுவே மறைப்பில்லாத இருவர். தமக்கையார் கிளட்சைப் பிடித்துக் கியரைப் போட்டவராய், ஆனால் நகராமல், காரோட்டுபவர் தம் கண்ணாடியில் எம்மைக் காணும்படி ஒரு கையை உயர்த்தி நின்றார். கார் பத்தடியில் நின்றது. யானையும் நின்றது. கன்று சாலையைக் கடக்கும்வரை பிடி அவ்வாறே நின்று, கடைசி யானை புதருள் மறைந்தபின், மெல்லத் தானும் சென்றது. இவையெல்லாம் ஐந்து நிமிடத்திற்குள் நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

தெப்பக்காட்டில் மோயாற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தியபோது தமக்கையாரின் விரல்கள் கைப்பிடியை விட மறுத்தன. அவர் சொன்னது ஒன்றே: “தேநீர் எங்கேயாவது கிடைக்குமா, பார்.” அவ்வூர் யானை முகாமில் கூட்டம் மிகுதி. அங்கே தாயற்ற கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கக் குடியினர் இருவரைப் பற்றிய படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றபின் வருவோர் தொகை பெருகிற்று என்றனர். யாம் நெடுநேரம் நிற்கவில்லை.

மசினகுடிச் சாலையில் திரும்பியதும் காடு மாறியது. தேக்கும் மூங்கிலும் போய் முள்மரங்களும் புதர்களுமாயின. நீலகிரி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் மழை குறைந்த நிலம் இச்சீகூர் மேட்டுநிலம். தமக்கையார் வண்டியை மெதுவாக்கி, “இதை எங்கே பார்த்திருக்கிறாய்?” என்று வினவினார். எனக்கு வியப்பாயிற்று. உசிலை, வெள்வேல், காரை, களா, சூரை என எல்லாம் எம் அண்டை வீட்டார். சேலையூர்க் காட்டோரம் நம் கல்லூரி விடுதிகளின் பின்னே நிற்கும் புதர்க்காட்டின் உறவினரே ஈங்குப் பேருருவெடுத்து நின்றனர். 1937-இல் கல்லூரி நகரினின்று தாம்பரத்திற்கு வந்தபோது இக்குத்துக்காட்டை அழிக்காது போற்றியவருள் எட்வர்டு பார்ன்ஸ் முதல்வர். வேதியியல் கற்பித்த அவர், ஓய்வு நாளெல்லாம் தென்னாட்டு மலைகளிற் செடி தேடித் திரிந்தார். சேம்பின் குடும்பத்தைச் சார்ந்த ஒரு மலைச்செடி இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. மலையை நன்கறிந்த ஒருவர், தாம்பரத்து முட்புதரை இழிவாகக் கருதாதது எனக்கு அன்று விளங்கிற்று. கிண்டித் தேசியப் பூங்காவில் நாம் காணும் வெளிமானும் இம்மோயாற்றுப் பள்ளத்தாக்கில் உண்டு.

மசினகுடியை அடைந்தபோது மணி மூன்றரைக்கு மேல். ஒருவர் எம்மை அணுகி, காட்டோரமாக அறையொன்று உண்டு என்றும், குறைந்த விலைக்குத் தருவதாகவும், இரவில் யானை முற்றத்திற்கே வரும் என்றும் கூறினார். யான் களைத்திருந்தேன். கல்லட்டி ஏற்றம் 36 வளைவுகளை உடையது, மிகச் செங்குத்தானது, அதன் உச்சியில் உறைபனிக் குளிர். அன்னையாரின் விதியும் என் பக்கமே இருந்தது. “இங்கேயே தங்குவோம், அக்கா, இருட்டுமுன் ஏற முடியாமற் போனால்?” என்றேன். தமக்கையார் மறுத்தார்.

பூசல் நிகழ்ந்தது இவ்விடத்தில்தான். சீகூர் மேட்டுநிலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட யானைவழி. அதில் விடுதிகள் பெருகி வேலியும் விளக்குமாய் வழியை அடைத்தன. வழக்கு நெடுங்காலம் நடந்து, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் உச்சநீதிமன்றம் யானைவழியை உறுதிசெய்தது. அதற்கு மூன்று மாதத்திற்குப்பின், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்குமிடத்தார் தம் வாயிலுக்கு வந்த ஆண்யானையின்மேல் எரியும் டயரை எறிந்தனர். அது காதிற் சிக்கி எரிய, யானை இருளில் அலறியோடியது. பின்னர் அப்புண்ணால் மாண்டது. இவற்றைத் தமக்கையார் அங்கேயே, அம்மனிதர் கேட்கும்படி, எனக்குக் கூறினார். எந்த அறை வழியில் உள்ளது, எது இல்லை என்று அறிய வகையில்லாதபோது யானை முற்றத்திற்கு வருவதையே விலைபேசும் அறை வேண்டா என்பது அவர் வாதம். “முற்றத்திற்கு யானை வரவில்லை, யானையின் முற்றத்திற்கு அறை வந்திருக்கிறது” என்றார்.

“அப்படியானால் நாம் இச்சாலையில் வருவதே தவறன்றோ? நம் வண்டி ஓசையில்லாமலா வருகிறது?” என்று யான் கேட்டேன். இது வெறும் எதிர்வாதமன்று. இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. “ஆம், தவறாக இருக்கலாம். அதனால்தான் பகலில் போய்விடுகிறோம். ஏறு” என்றார். அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. காட்டை ஒருமுறையேனும் காணாதவன் காட்டிற்காகப் பேசமாட்டான் என்பது உண்மை. காண வருவோர் தொகையே காட்டைக் கெடுக்கின்றது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே பிடிக்க யான் இன்னும் கற்றிலேன். தமக்கையாரும் கற்றிலர் என்றே நினைக்கிறேன்.

கல்லட்டி ஏற்றத்தில் இருவரும் பேசவில்லை. முதற் கியரிலேயே வண்டி முனகி ஏறிற்று. ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை நின்றது. மேற்கே மஞ்சள் ஒளி மரத்திற்கு மரம் குறைந்தது. விரல்கள் மரத்தன. சினத்தோடிருந்தாலும் அவர் சாய்ந்த பக்கமே யானும் சாய்ந்தேன். வேறு வழியில்லை அன்றோ? தலைக்குந்தாவை அடைந்தபோது வானில் வெளிச்சம் ஒரு விரற்கடை எஞ்சியிருந்தது. விதி பிழைக்கவில்லை.

அன்றிரவு அங்கொரு சிறு வீட்டில் தங்கினோம். விடியலில் புல்வெளி முழுதும் வெண்மை. எம் வண்டியின் இருக்கையிலும் உறைபனி உப்புப்போற் படிந்திருந்தது. தமக்கையார் அதில் விரலால் என் பெயரை எழுதினார்; பூசல் தீர்ந்தது என்பது அதன் பொருள். உதகையைப் பற்றி மிகுதியாகக் கூறேன். சோலையும் புல்வெளியுமாயிருந்த மலையில் யூகலிப்டசும் சீகையும் தேயிலையும் நட்டு, அப்பசுமையையே இயற்கை என்று நாம் படமெடுக்கின்றோம். குன்னூர் வழியே இறங்கிப் பொள்ளாச்சியை அடைந்தோம்.

ஆழியாறு அணையினின்று வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வளைவருகே பாறைமேல் வரையாடுகள் ஐந்து நின்று, எம்மைக் காணாதவைபோல அசைபோட்டன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு எளிதாகக் காண்போம் என்று எதிர்பார்த்திலேம். மேலே தேயிலைத் தோட்டங்கள். அவற்றைச் சூழ ஆனைமலைக் காடு. யானைகள் தோட்டங்களினூடேதான் ஒரு காட்டினின்று மற்றொரு காட்டிற்குச் செல்லும். இருளில் எதிர்ப்பட்டு மக்கள் மாண்டது பலமுறை. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். யானை அணுகினால் அவ்வட்டாரத்தார்க்குக் கைப்பேசியில் செய்தி வரும். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கை ஊரார் சிலரே தம் கைப்பேசியால் ஏற்றுவர். உயிரிழப்புக் குறைந்தது. இப்பணிக்காக ஆனந்தகுமார் என்னும் ஆராய்ச்சியாளர் 2015-இல் விட்லி பரிசு பெற்றார்.

அவ்விளக்கை யாம் எரியவே கண்டோம். பொழுது சாயும் வேளை. ஒரு வளைவிற்கப்பால் கம்பத்தின் உச்சியில் சிவப்பு மின்னி மின்னி அடங்கிற்று. நிழற்குடையில் தோட்டத் தொழிலாளர் நான்கைந்து பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தனர். “நில்லும்மா, கீழே ரெண்டு உருப்படி நிக்குதாம்” என்றார் ஒரு மூதாட்டி. தமக்கையார் எஞ்சினை அணைத்தார். காரொன்றும் எமக்குப் பின்னே வந்து நின்றது. அதுவும் ஆரன் ஒலிக்கவில்லை. அம்மூதாட்டி தம் தூக்குச் சட்டியில் எஞ்சிய கடுந்தேநீரை மூடியில் ஊற்றி எமக்குத் தந்தார். வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று கேட்டார். தமக்கையாரைப் பார்த்தே கேட்டார்.

இருள் முற்றும் கவிந்தது. அப்போது அன்னையாரிடமிருந்து அழைப்பு வந்தது. “எங்கே இருக்கிறீர்கள்? விளக்கு வைத்தாயிற்றே!”

“விளக்கு வைத்ததால்தான் நிற்கிறோம், அம்மா” என்று தமக்கையார் நடந்ததைக் கூறினார். வண்டியை அங்கேயே ஒருவர் வீட்டு முன்றிலில் விட்டு, இரவு அவர்களோடு தங்கிக் காலையில் புறப்படுவதாகவும் கூறினார்.

அன்னையார் சற்று யோசித்தார். “சரி. அது முதலில் போகட்டும்” என்றார்.